தருமபுரி வெயிலில் கடல்மீன் தொட்டி: மதியத்தில் மீன் மூச்சு வாங்குகிறது, உப்பும் ஏறுகிறது

தகடூரான் எழுதியது:

வணக்கம். தருமபுரி நகரில் மேல்மாடி வீட்டில் குடியிருக்கிறேன். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகள் வளர்த்த பழக்கத்தில், சென்ற கார்த்திகையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் அடைத்த இடம் போக 160 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கும். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நிலைக்கும்வரை காத்திருந்து, தை மாதக் கடைசியில்தான் ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி ஒன்றை விட்டேன். இரண்டு மூன்று நத்தைகளும் உண்டு. மாசி முடியும்வரை குறை ஒன்றும் இல்லை.

பங்குனி வெயில் ஏறியதிலிருந்து, பகல் இரண்டு மணிக்கு மேல் இரண்டு மீன்களும் நீர்மட்டத்துக்கு அருகில், வேவ்மேக்கர் (தொட்டி நீரைச் சுழலவிடும் சிறு மின்கருவி) நீரைத் தள்ளும் மூலையில் போய் நின்றுகொண்டு, செவுள்மூடி படபடக்க மூச்சு வாங்குகின்றன. அந்த நேரத்தில் தீனி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இரவு ஒன்பது மணிக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன. காலையில் நன்றாகத் தின்கின்றன. தொட்டி நீரின் வெப்பம் காலையில் 27.5 டிகிரியாகவும், மாலை மூன்று மணியளவில் 32 டிகிரிக்கு அருகிலும் இருக்கிறது. மீன் விட்டபோது 1.025 ஆக இருந்த ஒப்படர்த்தி (நீரில் உப்பின் செறிவைக் காட்டும் எண்) இப்போது ஹைட்ரோமீட்டரில் 1.029 காட்டுகிறது. தினமும் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் குறைகிறது. தொட்டியின் உப்பு குறைந்துவிடக் கூடாது என்று, கலந்து வைத்திருக்கும் உப்புநீரையே ஊற்றி நிரப்புகிறேன். வாரம் ஒருமுறை பதினைந்து லிட்டர் நீரை மாற்றுவதும் உண்டு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20.

மீன் வாங்கிய கடையில் கேட்டதற்கு, இது தோல் நோயாக இருக்கும் என்று சொல்லி, செம்பு கலந்த நீல மருந்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஊற்றவில்லை. ஊற்றலாமா?

இன்னும் சில ஐயங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்துத்தான் உப்பு கலக்கிறேன். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது ஊரறிந்த செய்தி. அது மீனைப் பாதிக்குமா? கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் துடைக்கத் துடைக்க வருகிறது. தூத்துக்குடியில் இருக்கும் மைத்துனர், உப்பளத்துக் கல் உப்பே ஒரு மூட்டை அனுப்புகிறேன், டப்பா உப்புக்கு ஏன் இவ்வளவு செலவழிக்கிறாய் என்கிறார். மகளோ கோமாளி மீனுக்கு, அது கடலில் தங்கியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

ஓசூர் உவர்நீர் எழுதியது:

அந்த நீல மருந்தை முதலில் அலமாரியில் பூட்டிவிடுங்கள். செம்பு மருந்து கடல்மீன்களின் ஒட்டுண்ணி நோய்களுக்கு உரிய மருந்துதான். ஆனால் அதைக் கல்லும் மணலும் இல்லாத தனித்தொட்டியில், செம்பின் அளவைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். உங்கள் முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நத்தைகள் முதலில் சாகும். சுண்ணாம்புக் கற்களும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால், நீரில் மருந்தின் அளவு எவ்வளவு நிற்கிறது என்பதும் உங்கள் கையில் இருக்காது.

நோயா, வெப்பமா என்பதைப் பிரித்தறியக் கடைக்காரரைக் காட்டிலும் கடிகாரம் உதவும். நோய்கண்ட மீன் நேரம் பார்த்து மூச்சு வாங்காது. காலையிலும் வாங்கும், நள்ளிரவிலும் வாங்கும், பெரும்பாலும் ஒன்று முந்தி மற்றொன்று பிந்தி விழும். உங்கள் மீன்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் தெளிகின்றன. எனினும் இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மீனின் பக்கவாட்டில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலின் மேல் பொன்னிறத் தூள் தூவியதுபோல் தெரிந்தால் அது வெல்வெட் நோய். ரவை அளவில் வெள்ளைப் புள்ளிகள் பிரிந்து பிரிந்து தெரிந்தால் கடல் வெள்ளைப்புள்ளி நோய். இரண்டும் இல்லையென்றால் மருந்தை மறந்துவிடலாம்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 6 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அதே வேளையில், நீர் சூடாக ஆக மீனின் உடலுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் நேரம் உங்கள் வீட்டில் பிற்பகல் இரண்டு மணி. இத்துடன் உப்பும் சேர்கிறது. கடல்மீனின் உடலில் இருக்கும் உப்பு அதைச் சூழ்ந்த நீரின் உப்பைவிடக் குறைவு. அதனால் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேற, அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் உப்பு ஏறினால் இந்த வேலை கூடும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும்.

உப்பு ஏறுவதற்குக் காரணம் நீங்கள் நிரப்பும் முறைதான். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மூன்று லிட்டர் உப்புநீரில் ஏறத்தாழ நூறு கிராம் உப்பு இருக்கும். நாள்தோறும் அதை ஊற்றினால் பத்து நாளில் ஒரு கிலோ உப்பு கூடுதலாகச் சேரும். 160 லிட்டரில் அது லிட்டருக்கு ஆறு கிராம். 1.025இல் தொடங்கிய தொட்டி அந்தக் கணக்கில் 1.030ஐ நெருங்கிவிடும். ஆகவே குறையும் நீரை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் மட்டுமே நிரப்புங்கள். உப்புநீர், வாரந்தோறும் நீர் மாற்றும்போது மட்டும். ஏறிய உப்பை இறக்க, நாள்தோறும் ஐந்து லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு ஐந்து லிட்டர் ஆர்.ஓ. நீரை மெதுவாக விட்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.001 இறங்கும். அதைவிட வேகம் வேண்டாம். இறக்கத் தொடங்கும் முன் வேறு கருவியில் ஒருமுறை அளந்துவிடுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் சிறு காற்றுக்குமிழ் முள்ளின் அடியில் ஒட்டிக்கொண்டாலே அளவு கூடுதலாகக் காட்டும். ஒளி விலகுவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் கிடைத்தால் நல்லது. அதையும் வெறும் நீரில் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், லிட்டருக்கு 35 கிராம் என்று விற்கும் அளவைக் கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

வெப்பத்தைத் தணிக்கப் பலரும் பனிக்கட்டி பாட்டிலை மிதக்க விடுகிறார்கள். ஒரு லிட்டர் பனிக்கட்டி உருகித் தொட்டியின் வெப்பத்துக்கு வரும்வரை எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 110 கிலோ கலோரி. 160 லிட்டர் நீரில் அது ஒரு டிகிரிகூட இல்லை. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கணக்கின்படி அது மூன்றரை டிகிரிக்குச் சமம். ஆகவே கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி வெளியே விழாதபடி மெல்லிய வலையைப் போட்டு, கணினிக்குள் பொருத்தும் சிறு விசிறிகள் இரண்டை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி வையுங்கள். நம் பகுதியில் பங்குனி, சித்திரைக் காற்று வறண்டது. கடலோர ஊர்க்காரர்களுக்கு வாய்க்காத வசதி இது. இரண்டு முதல் நான்கு டிகிரி வரை இறங்கும். நீர் குறைவது மட்டும் கூடும், அதனால் ஆர்.ஓ. நீர் எப்போதும் இருப்பில் இருக்கட்டும்.

காரிமங்கலம் நீர்ச்சுத்தி எழுதியது:

வணக்கம் ஐயா. நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பொருத்திப் பழுதுபார்ப்பது என் தொழில். மீன்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நீரைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஃப்ளோரைடு பற்றி நீங்கள் அஞ்சுவது இயல்பே. நம் மாவட்டத்தில் பற்களிலும் எலும்புகளிலும் அது செய்த கேட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் இயற்கையான கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் வரம்பு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்கிறது. கோமாளி மீன் அந்த அளவிலேயே பிறந்து வளர்வது. போதாததற்கு உங்கள் ஆர்.ஓ. அதில் பெரும்பகுதியை நீக்கிவிடும். எனவே ஃப்ளோரைடைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்காமல் விட்டது சிலிக்கா. நம் நிலத்தடி நீர் கருங்கல், நைஸ் பாறை இடுக்குகளில் ஊறி வருவதால் அதில் சிலிக்கா கரைந்திருக்கும். பழுப்புப் படலம் என்று நீங்கள் சொல்வது டயாட்டம் எனும் பாசி. தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்வது அது. புதிய தொட்டியில் சில வாரங்கள் வந்து தானே போய்விடும். உங்கள் தொட்டியில் மாதங்கள் கடந்தும் நிற்கிறது என்றால், நாள்தோறும் ஊற்றும் நீரில் அதற்கு உணவு போகிறது என்று பொருள். வயலோரக் கிணறு என்றால் நைட்ரேட்டும் கூடவே வரும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும், டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்பார்கள் (டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு). குடிநீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, சவ்வில் வடிந்த நீரோடு வடியாத நீரைக் கொஞ்சம் கலப்பது அதன் வேலை. சில இயந்திரங்களில் கடைசிக் குழாயில் கனிமம் சேர்க்கும் உருளை ஒன்றும் இருக்கும். குடிப்பதற்கு இவை நல்லவை, உங்கள் தொட்டிக்கு ஆகாதவை. சவ்விலிருந்து நேராக வரும் குழாயில் ஒரு டி இணைப்புப் போட்டு, மீன் தொட்டிக்கான நீரை அங்கேயே பிரித்தெடுங்கள். அதன் பின்னால், எஞ்சிய கரைபொருள்களைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் நிரப்பிய உருளை ஒன்றைச் சேர்த்தால், சவ்வைத் தப்பி வரும் சிலிக்காவையும் அது பிடிக்கும். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும். பூஜ்யம் நகர்ந்து மூன்று, நான்கு என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம். இருபது லிட்டர் கேன் நீரைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். அதிலும் கனிமம் திரும்பக் கலந்திருக்கும், மீட்டரை விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் நீர் வருமானால், கிணற்று நீருக்குப் பதிலாக அதையே ஆர்.ஓ.வுக்குக் கொடுங்கள், கடினத்தன்மை குறைவாக இருந்தால் சவ்வு நீண்ட நாள் உழைக்கும். அதில் குளோரின் இருக்கும் என்பதால் முன்னால் உள்ள கரி உருளையை மட்டும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். குளோரின் சவ்வை அரித்துவிடும்.

மண்டபம் கரை எழுதியது:

கல் உப்பு மூட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனர் மனமும் நோகாது.

கடல்நீரை அப்படியே காய்ச்சி எடுத்ததுதானே கல் உப்பு, கரைத்தால் மீண்டும் கடல்நீர் ஆகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. உப்பளத்தில் நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து செறிவாகும்போது முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம் படியும், அதன் பிறகே சோடியம் குளோரைடு பூக்கும். அதை வாரி எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில்தான் மக்னீசியத்தின் பெரும்பகுதி நிற்கிறது. ஆக, கல் உப்பு என்பது கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெரும்பாலும் கழித்துவிட்டு எடுத்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் 1,280 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் 410 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்க வேண்டும். நீரின் கார அமிலநிலையை (pH) 8.1 முதல் 8.4 வரை தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டுகளும் கல் உப்பில் இல்லை. ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டும், உள்ளே இருப்பது கடல்நீராக இருக்காது. மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பின் விலை இந்தச் சேர்மானங்களுக்கான விலை.

கடல்நீரையே கேனில் கொண்டு வரலாமே என்பது அடுத்த யோசனையாக வரும். தருமபுரியிலிருந்து எந்தக் கரைக்குப் போனாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கரையோர நீரில் மழைக்குப் பின் உப்பு குறையும், ஊர்க் கழிவும் கலந்திருக்கும். எங்களைப்போல் கடலருகே இருப்பவர்களே வடிகட்டி, இருட்டில் வைத்துத் தெளியவிட்டுத்தான் பயன்படுத்துகிறோம்.

மகளிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். கோமாளி மீன் கடலில் சாமந்தியை விட்டு அகலாததற்குக் காரணம், அதைத் தின்ன வரும் பெரிய மீன்கள். உங்கள் தொட்டியில் அப்படி எதுவும் இல்லாததால் சாமந்தி இன்றியே அது ஆயுள் முழுவதும் நலமாக வாழும்; பத்து ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. சாமந்தியோ வலுவான ஒளியும் மாறாத வெப்பமும் கேட்கும் உயிர். 32 டிகிரி தொட்டியில் அதன் உடலில் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளியேறி, வெளுத்துச் சுருங்கிவிடும். இடம் பிடிக்காமல் நகர்ந்து வேவ்மேக்கரில் சிக்கிச் சிதைந்தால் ஒரே இரவில் தொட்டி நீர் முழுவதையும் கெடுத்துவிடும். வெப்பம் ஓராண்டு கட்டுக்குள் நின்றபின் அந்தப் பேச்சை எடுக்கலாம்.

கற்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பவளக்கல் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வாங்காதீர்கள். பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கடல்குதிரையும் அப்படியே. எங்கள் பக்கத்தில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. மீனை வாங்கும்போதும் பண்ணையில் குஞ்சு பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது. பண்ணை மீன் உருண்டைத் தீனிக்குப் பழகியது, நோய்ச் சுமையும் குறைவு. ஜோடியில் பெரியது பெண். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் அதை இரண்டும் சேர்ந்து விரட்டிக் கொன்றுவிடும் என்பதால் அந்த ஆசையும் வேண்டாம்.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு எழுதியது:

ஓசூர் நண்பரின் விசிறிக் கணக்கு சரியானதே. ஆனால் ஓசூர் வெயிலையும் தருமபுரி வெயிலையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. அவர் ஊர் ஏறத்தாழ தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி அதில் பாதி. சித்திரையில் மொட்டை மாடியின் கான்கிரீட் பகல் முழுவதும் குடித்த சூட்டை இரவில்தான் வீட்டுக்குள் இறக்கும். கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய மாலைகளில் விசிறி ஏறத்தாழ வேலை செய்யாது. என் கருத்தில் மேல்மாடியில் தொட்டி வைத்திருப்பவர் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குவதைத் தள்ளிப்போடலாமே தவிர, தவிர்க்க முடியாது. வாங்கினால், சூடான காற்று வெளியேறும் பக்கம் சன்னலை நோக்கி இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் மூடிய அலமாரிக்குள் வைத்தால், தான் வெளியேற்றிய சூட்டையே அது திரும்பத் திரும்பக் குளிரவைத்துக்கொண்டிருக்கும்.

அதற்கு முன் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. தொட்டி மேற்குச் சுவரை ஒட்டி இருந்தால் இடம் மாற்றுங்கள். கீழ்த்தளம் கிடைத்தால் மிக நன்று. எங்கள் ஊரில் கிரானைட் பலகை எளிதில் கிடைப்பதால் பலரும் அதன் மேல் தொட்டியை வைக்கிறோம். பலகை எவ்வளவு மழமழப்பாக இருந்தாலும் இடையில் தெர்மோகோல் அல்லது ஃபோம் தாள் போடாமல் வைக்கக் கூடாது. நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து இருநூற்றைம்பது கிலோவுக்குக் குறையாத பாரம் ஒரு மூலையில் மட்டும் அழுந்தினால் அடிக்கண்ணாடி விரியும்.

மாற்றி எடுத்த உப்புநீரை மரத்தடியில் ஊற்றாதீர்கள். தென்னை ஓரளவு தாங்கும், மா தாங்காது; இலை நுனி கருகுவதில்தான் முதலில் தெரியும். கழிவுநீர்க் குழாயில் விட்டுவிடுவது நல்லது.

தகடூரான் எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. டார்ச் ஒளியில் பார்த்தேன். தூளும் இல்லை, புள்ளியும் இல்லை. நண்பர் ஒருவரின் ரெஃப்ராக்டோமீட்டரை வாங்கி, அளவைக் கரைசலில் சரிபார்த்து அளந்தபோது 1.027 காட்டியது. ஹைட்ரோமீட்டர் முள்ளில் குமிழ் இருந்ததும் உண்மைதான். தொட்டி மேற்குச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. நீரை இறக்காமல் நகர்த்த முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து மாற்றுகிறோம். விசிறி வைத்தபின் நேற்று மாலை மூன்று மணிக்கு 29 டிகிரி. மீன்கள் மூலைக்குப் போகவில்லை. ஆர்.ஓ. இயந்திரத்தின் திருகையும் கண்டுபிடித்துவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி: மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் என்ன செய்வது?

ஓசூர் உவர்நீர் எழுதியது:

1.027 என்றால் நாம் அஞ்சியதில் பாதிதான். நீங்கள் வாரந்தோறும் நீர் மாற்றி வந்தது ஏற்றத்தை ஓரளவு தணித்திருக்கும். ஐந்து ஐந்து லிட்டராக இரண்டு மூன்று நாள் மாற்றினால் போதும், 1.025இல் நிறுத்திவிடுங்கள். வெப்பம்தான் முதல் எதிரி என்பது இதிலிருந்து உறுதியாகிறது. கிருஷ்ணகிரி நண்பர் சொன்ன சில்லரை இந்தச் சித்திரை கழியும்வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விசிறியுடன் 30 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்து வந்தால் அவர் சொல்வதே சரி.

மின்தடை நாளுக்கு, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் வேவ்மேக்கரையும் தொட்டி விசிறிகளையும் அதில் இணையுங்கள்; இரண்டும் சேர்ந்து ஒரு கூரை விசிறி இழுக்கும் மின்சாரத்தைக்கூட இழுக்காது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். அன்று காலைத் தீனியை நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் பட்டினி கோமாளி மீனை ஒன்றும் செய்யாது, மட்கும் தீனியோ இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பனிக்கட்டி பாட்டில் இந்த ஒரு நாளுக்குப் பயன்படும்: ஆர்.ஓ. நீரை நிரப்பி உறையவைத்த பாட்டில்கள் நான்கைந்து இருந்தால், மதியம் முதல் ஒன்று உருகியபின் அடுத்தது என்று மிதக்க விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்.

தொட்டியை நகர்த்தும்போது மின்கம்பிகளையும் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு வளைந்து ஏற வேண்டும். கம்பி வழியே ஊரும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. விசிறி வைத்தபின் உப்புத் துளி தெறிப்பது கூடும் என்பதால், பிளக் பலகை தொட்டிக்கு நேர் கீழே இல்லாமல் பக்கச் சுவரில் இருக்கட்டும்.